இரண்டாம் பகுதியைத் தொட வேண்டாம்

ஜூன் 3

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நேற்று காலை காபிக்குப் பின், என் மனைவியின் முன்னிலையில், எங்கள் வீட்டுக் கணினியின் இயங்குதளத்தை நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். தீர்மானத்தை நானே முன்மொழிந்தேன், நானே வழிமொழிந்தேன். என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபடியால் நடுநிலை வகித்தாள். "எதையாவது பண்ணித் தொலைங்க, மேஜை விரிப்பை மட்டும் அழுக்காக்காதீங்க" என்ற அவளுடைய திருத்தம் ஏற்கப்பட்டது.

நாம் இருவரும் போனில் பேசக் கூடாது என்று என் மகனும் உங்கள் மகளும் கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு போட்ட தடை அமலில் இருக்கிறது. கடைசியாக நாம் பேசியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டது உண்மைதான். அதற்காக ஒரு தடை என்பது அதிகம். குடும்பக் குழுவில் எழுதினால் இருவரும் பார்த்துவிடுவார்கள். கடிதத்துக்குத் தடை போட அவர்களுக்குத் தோன்றவில்லை. அப்படி ஒன்று உலகத்தில் இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிருக்கும்.

தீர்மானத்தின் காரணம் உங்களுக்குத் தெரியும். கல்யாண வீடியோ என் கணினியில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த டிவிடி தட்டு கீறலாகிவிட்டது. படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் கடையை மூடிவிட்டு எங்கேயோ போய்விட்டார். ஆகவே உலகத்தில் இருப்பது இந்த ஒரே பிரதி. அதைப் போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடம் பூக்கள் உதிர்கின்றன, பெயர்கள் வருகின்றன, பின்னணியில் ஒரு பாட்டு. அத்துடன் கணினி உறைந்துவிடுகிறது. வேறு இடத்துக்கு நகல் எடுத்தாலும் பாதியில் உறைகிறது. இயங்குதளம் கிழடாகிவிட்டது, மாற்றினால் ஓடும் என்று என் மகன் சொன்னான். ஓடட்டும். சாப்பாட்டுக் கூடத்து வாசலில், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, என்னைக் காட்டி நீங்கள் உங்கள் தம்பியிடம், "அவருக்கு அரண்மனையே கட்டிக் கொடுத்தாலும் வாசப்படி கோணல்னுதான் சொல்லுவாரு" என்று சொன்னீர்கள். ஆறு வருடமாக இல்லை என்கிறீர்கள். சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறேன்.

ஆனால் பாருங்கள், என் மகன் கேட்டதற்காக நீங்கள் முன்பே தயார் செய்து அனுப்பிய பென்டிரைவைச் செருகினேன். கணினியை அணைத்துப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய இயங்குதளமே எழுந்து வந்து, நல்வரவு என்றது. மறுபடி போட்டேன். மறுபடி நல்வரவு. இவ்வளவு நல்வரவு எனக்கு உங்கள் வீட்டில்கூடக் கிடைத்ததில்லை.

முப்பது வருடம் கணினிப் பயிற்சி நிலையம் நடத்தியவர் அனுப்பிய பென்டிரைவ் இது. வேண்டுமென்றே காலியாக அனுப்பினீர்களா என்று கேட்க மாட்டேன். கேட்காமல் விடுகிறேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

---

ஜூன் 8

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

பென்டிரைவ் காலி இல்லை. அனுப்புவதற்கு முன்னால் இரண்டு கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். உங்கள் கணினி அதைப் பார்க்கவில்லை என்றால், பார்க்கச் சொல்லி அதனிடம் யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம். கணினி என்பது நன்றாக வளர்க்கப்பட்ட பிள்ளை. தினமும் எந்த வாசலில் போய் நிற்கிறதோ அதே வாசலில்தான் நிற்கும். நீங்கள்தான் கையைப் பிடித்து இந்தப் பக்கம் வா என்று இழுக்க வேண்டும்.

செய்முறை இதுதான். கணினியைப் போட்டவுடன், திரையில் எதுவும் வருவதற்கு முன்னால், விசைப்பலகையின் மேல்வரிசையில் இருக்கும் டெலீட் விசையை அழுத்துங்கள். ஒருமுறை அல்ல. மேலதிகாரி வீட்டு மணியை அழுத்துவதுபோல் ஒருமுறை அழுத்திவிட்டுக் கைகட்டி நிற்காதீர்கள். கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல் விடாமல் தட்டுங்கள். நீலத் திரை ஒன்று வரும். அதில் எதிலிருந்து முதலில் தொடங்குவது என்று ஒரு வரிசை இருக்கும். பென்டிரைவுக்கு முதலிடம் கொடுத்துவிட்டு, சேமித்து வெளியே வாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் கணினியின் வட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் பகுதியில் இயங்குதளம். இரண்டாம் பகுதியில் கல்யாண வீடியோ. எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும்போது முதல் பகுதியைச் சொல்லுங்கள். இரண்டாம் பகுதியைத் தொட வேண்டாம். அழி என்றோ துடை என்றோ எது கேட்டாலும் இரண்டாம் பகுதிக்கு அது பொருந்தாது. அடிக்கோடு போட்டிருக்கிறேன். இன்னொரு முறையும் போடுகிறேன்.

இதையெல்லாம்விட எளிய வழி ஒன்று உண்டு. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, வட்டை உருவி, எனக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே ஒரு மணி நேரத்து வேலை. நகல் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அரண்மனை, வாசப்படி என்று நான் எதுவும் சொல்லவில்லை. மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நீங்கள்தான் என் வீட்டு ஆட்கள் எல்லாரும் கேட்க, "இதுதான் மண்டபமா? நான் வண்டி நிறுத்துற இடம்னு நினைச்சேன்" என்று சொன்னீர்கள். அதுவும் கேமராவுக்கு முன்னால்தான். படம் ஓடட்டும், எனக்கும் ஆசைதான்.

உங்கள்,
பெண்ணின் அப்பா

---

ஜூன் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடன்காரனைப்போல் தட்டினேன். நீலத் திரை வந்தது. முதலிடம் கொடுத்தேன். பென்டிரைவ் எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டது. அதுவரை நன்றாகவே போயிற்று என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன்.

எங்கே நிறுவ என்று கேட்டது. முதல் பகுதியைக் காட்டினேன். முடியாது என்றது. காரணம்: இந்த வட்டின் பகுதிகளைக் குறித்துவைத்திருக்கும் அட்டவணை பழைய வகை, இந்தக் கணினி புதிய வகை அட்டவணை உள்ள வட்டில்தான் நிறுவும். ஆறு வருடமாக இதே வட்டில் இதே கணினி ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்றுவரை சேர்ந்து சாப்பிட்டவர்கள் இன்று ஜாதகம் பார்த்துப் பொருந்தவில்லை என்கிறார்கள்.

இந்தப் பிழை உங்கள் பென்டிரைவ் வந்த பிறகு வந்தது. இது தற்செயல் என்று நம்புமளவுக்கு நான் நல்லவன் அல்ல.

தெருமுனையில் கணினி பழுதுபார்க்கும் கடைக்காரரிடம் கேட்டேன். திரையைப் போட்டோ எடுத்துக் காட்டினேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவர். "இது ஒண்ணுமில்ல சார். ஒரே ஒரு கமாண்ட். அட்டவணையை மொத்தமாத் துடைச்சிட்டுப் புதுசு எழுதிடலாம். டிஸ்க் பளபளன்னு ஆயிடும்" என்றார்.

"உள்ளே இருப்பது?"

"உள்ள இருக்கறது போயிடும். அதான் பளபளன்னு சொன்னேனே."

"அதில் கல்யாண வீடியோ இருக்கிறது."

"உங்க கல்யாணமா?"

"மகன் கல்யாணம்."

"அப்ப என்ன சார், அவங்களே இன்னும் சேர்ந்துதானே இருக்காங்க? வீடியோ எதுக்கு?"

இந்த நாட்டில் தத்துவம் பழுதுபார்க்கும் கடைகளில்தான் மிச்சமிருக்கிறது. முதலில் வட்டைக் கழற்றித் தன் கணினியில் போட்டு நகல் எடுத்துத் தருவதாகவும் சொன்னார். சாட்சியை மூன்றாம் மனிதர் கையில் கொடுக்க எனக்குச் சம்மதமில்லை. எதிர்த்தரப்பு வீட்டுக்கே அனுப்பி வையுங்கள் என்ற உங்கள் எளிய வழியைப் பற்றி நான் என்ன சொல்ல? வழக்கு நடக்கும்போது சாட்சியைக் குற்றவாளி வீட்டில் தங்கவைக்கும் நீதிமன்றம் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

ஒன்று கவனித்தேன். உங்கள் கடிதத்தில் இரண்டாம் பகுதி என்பது மூன்று தடவை வருகிறது. இரண்டு அடிக்கோடு. பேனா தாளைக் கிழித்திருக்கிறது. படத்தில் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. பயந்தவன் கைதான் இப்படி அழுத்தும். முப்பது வருடம் கொதிகலன் ஆய்வாளராக இருந்தவன் நான். அழுத்தம் எங்கே ஏறுகிறது என்று பார்த்தாலே தெரியும்.

இம்மாதக் கடைசிக்குள் சரியான வழி வரவில்லை என்றால் கடைக்காரரின் ஒரே ஒரு கமாண்டுக்கு விட்டுவிடுவேன். எனக்கு வேண்டியது படம் அல்ல, உண்மை. அது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

---

ஜூன் 18

சம்பந்தி,

வணக்கம் பிறகு. முதலில் அந்தக் கடைக்காரர் பக்கமே போகாதீர்கள்.

உங்கள் கணினிக்குப் பழைய முறை, புதிய முறை என்று எழுந்திருக்க இரண்டு வழிகள் உண்டு. பழைய முறையில் எழுந்தால் பழைய அட்டவணையை ஏற்கும். புதிய முறையில் எழுந்தால் புதியதைத்தான் ஏற்கும். பென்டிரைவைப் புதிய முறையில் எழுப்பியிருக்கிறீர்கள். வட்டின் அட்டவணையை மாற்ற வேண்டியதில்லை. கணினி எழும் முறையை மாற்றினால் போதும். அதே நீலத் திரைக்குப் போங்கள். தொடங்கும் முறை என்று ஒரு வரி இருக்கும். அதைப் பழைய முறைக்கு மாற்றுங்கள். வரிசையில் பென்டிரைவின் பெயர் இரண்டு தடவை தெரியும். புதிய முறைக்கான அடையாளம் இல்லாமல் இருக்கிறதே, அதற்கு முதலிடம் கொடுங்கள். பிழை போய்விடும். ஒரு சின்னப் பிழைக்காக வீட்டையே இடிக்கச் சொல்கிறவன் கொத்தனார் அல்ல.

பயந்தவன் கை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பயம்தான். ஆனால் நீங்கள் நினைக்கிற பயம் அல்ல. அரண்மனை, வாசப்படி, வண்டி நிறுத்துமிடம் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போடுங்கள். அந்தப் படத்தில் என் மனைவி இருக்கிறாள் ஐயா.

கல்யாணத்துக்கு அடுத்த வருடம் அவள் போய்விட்டாள் என்பது உங்களுக்குத் தெரியும். வந்தீர்கள், ஒரு மூலையில் நின்றீர்கள், சொல்லிக்கொள்ளாமல் போனீர்கள். போகட்டும். என்னிடம் போட்டோக்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நிற்கிறாள். வாழ்க்கையில் அவள் அப்படி நின்றதே இல்லை. நின்ற இடத்தில் நின்று பேசத் தெரியாதவள். பேசிக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விடுவாள். மிச்ச வாக்கியத்தை நான் பின்னாலேயே போய்ப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். "என்ன சொன்னே?" என்று கத்துவேன். "காதுல என்ன வெச்சிருக்கீங்க?" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். முப்பத்தோரு வருடம் இதுதான் எங்கள் உரையாடல்.

அந்த ஒரு நாள்தான் அவள் பின்னாலேயே ஒருவன் கேமராவோடு போனான்.

தட்டு வந்தபோது, "கொஞ்ச நாள் போகட்டும், நான் குண்டாத் தெரிவேன், இப்பப் பார்க்க மாட்டேன்" என்றாள். சரி என்று அலமாரிமேல் வைத்தோம். அவள் போன பிறகு எடுத்துப் போட்டேன், கீறல். இப்போது எனக்கு அவள் சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கிறது, சொன்ன குரல் இல்லை. மனதுக்குள் அவள் பேசும்போது என் குரலில் பேசுகிறாள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுதுவதாக இல்லை. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் இதுதான் கடைசித் தாள். தபால் நிலையம் மூடுவதற்குள் போக வேண்டும்.

கேலி செய்ய வேண்டுமென்றால் செய்யுங்கள். இரண்டாம் பகுதியை மட்டும் தொடாதீர்கள்.

பெண்ணின் அப்பா

---

ஜூன் 25

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பழைய முறைக்கு மாற்றினேன். பிழை போயிற்று. முதல் பகுதியில் நிறுவத் தொடங்கியது. நூறு சதவீதம் ஆயிற்று. கணினி தானாக அணைந்து தானாக எழுந்தது. எழுந்து, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது.

ஏற்கெனவே சொன்னேனே என்று மறுபடி சொன்னேன். முதல் பகுதி, நூறு சதவீதம், அணைந்தது, எழுந்தது. எந்த மொழி வேண்டும்? மூன்றாம் முறையும் அதே. என்ன பெண்டாட்டி இது, நூறு தடவை சொன்னாலும் காதில் விழாமல் முதலிலிருந்து கேட்கிறது என்று உரக்கச் சொல்லிவிட்டேன். பெண்டாட்டி அடுத்த அறையில்தான் இருந்தாள். அன்று மதியம் சாப்பாடு தாமதமாயிற்று.

கடைக்காரரிடம் கேட்கப் போகவில்லை. நீங்கள் சொன்னதற்காக அல்ல, அவர் கடை விடுமுறை.

இது உங்கள் செய்முறையில் உள்ள ஓட்டை. முதலிடம் கொடு என்று எழுதினீர்கள். எப்போது பறிப்பது என்று எழுதவில்லை. நீங்கள் சொல்லாமல் நான் எதையும் பிடுங்க மாட்டேன். ஓடுகிற இயந்திரத்திலிருந்து எதையும் உருவக் கூடாது என்பது என் தொழிலில் முதல் விதி. அதை மீறிய ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவரைப் பிறகு பல இடங்களில் பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் தொழிலில் விதி ஏதும் இல்லை போலிருக்கிறது. மாணவர்கள் அனுபவித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவீர்கள். முப்பது வருடம் எத்தனை பேர் உங்கள் நிலையத்தில் எந்த மொழி வேண்டும் என்ற கேள்வியிலேயே வாழ்க்கையைக் கழித்தார்களோ.

இப்போது அந்தக் கேள்வி திரையில் நிற்கிறது. கணினி உறுமிக்கொண்டிருக்கிறது. அணைக்கவும் பயம், ஓடவிடவும் பயம். என் மனைவி அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டாள்.

உங்கள் கடிதத்தின் மற்ற விஷயம். நான் மூலையில் நின்றேன், சொல்லிக்கொள்ளாமல் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று உங்களிடம் என்ன சொல்லிக்கொள்வது? "போய்ட்டு வரேன், சந்தோஷமா இருங்க" என்றா? கல்யாணத்தன்று அந்த மண்டபத்தில் எனக்கு நாற்காலி போட்டவர் அந்த அம்மா ஒருவர்தான். "அண்ணா, நீங்க நிக்காதீங்க, உங்களுக்கு முட்டி வலின்னு உங்க பையன் சொன்னான்" என்றார். சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எங்கோ போய்விட்டார். என் முட்டியைப் பற்றி அதற்குமுன் யாரும் கேட்டதில்லை, பின்னும் இல்லை.

ஆனால் நீங்கள் அரண்மனை பற்றிச் சொன்னது சொன்னதுதான். அது வேறு, இது வேறு.

உடனே பதில் எழுதவும்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

---

ஜூன் 29

சம்பந்தி,

பென்டிரைவைப் பிடுங்குங்கள்.

நூறு சதவீதம் ஆகி, கணினி அணைகிறதே, எழுவதற்குள் பிடுங்க வேண்டும். அதற்கு முதலிடம் கொடுத்தது வேலை தொடங்குவதற்கு. தொடங்கிய பிறகும் அது வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் கணினி அதைத்தான் பார்க்கும், நிறுவியதைப் பார்க்காது. ரயில் ஏறியாகிவிட்டது, இன்னும் டிக்கெட் கவுன்டரிலேயே வரிசையில் நிற்பீர்களா? இதையுமா எழுதிக் கொடுக்க வேண்டும்? நாளைக்குச் செருப்புப் போடும்போது எந்தக் கால் என்று தபால் போடுவீர்கள்.

கொதிகலன் அல்ல ஐயா அது. வெடிக்காது. ஆனால் ஒவ்வொரு முறை முதலிலிருந்து தொடங்கும்போதும் அந்தப் பட்டியல் உங்கள் முன் வரும். ஒவ்வொரு முறையும் இரண்டு வரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். ஒருமுறை கை தவறினால் போதும். இதை நினைத்து நான் சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

என் மகளுக்குப் போன் போட்டு, உன் மாமனாரைக் கணினியிலிருந்து எழுந்திருக்கச் சொல் என்றேன். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும் அவர் உட்கார்ந்திருக்கார்னு? மறுபடி பேசினீங்களா?" என்றாள். தடையை மீறவில்லை என்று நிரூபிக்கவே அரை மணி ஆயிற்று. விஷயத்துக்கு வருவதற்குள் குழந்தை அழுதது, வைத்துவிட்டாள்.

அரண்மனை பற்றி நான் சொல்லவில்லை. சொல்லவில்லை. சொல்லவில்லை. படம் பிழைத்தால் பாருங்கள்.

பெண்ணின் அப்பா

---

ஜூலை 5

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அதற்கு முன்பே காரியம் முடிந்துவிட்டது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கத்த வேண்டாம்.

காத்திருந்து பார்த்தேன். தபால் வரவில்லை. துண்டை எடுத்துவிட்டு நான்காம் முறை தொடங்கினேன். மொழி, சரி. நிபந்தனைகள், சரி. பட்டியல் வந்தது. வரியைத் தேர்ந்தெடுத்தேன். கீழே வரிசையாக இருந்த சொற்களில் ஒன்றின்மேல் அம்புக்குறி போய் நின்றது. விரல் விசையின்மேல் இருந்தது. பின்னால் காபியோடு நின்ற என் மனைவி, "என்னங்க, அது ரெண்டாவது வரி இல்லையா?" என்றாள்.

இரண்டாவது வரிதான். அம்புக்குறி நின்ற சொல் 'அழி'.

மூன்று முறை செய்த கை நான்காம் முறை கண்ணைக் கேட்பதில்லை. எந்தக் கொதிகலனும் முதல் நாள் வெடித்ததில்லை. எல்லாம் பழகிய நாளில்தான். இதை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், மேடையில்கூடச் சொல்லியிருக்கிறேன். காபி ஆறிப்போயிற்று.

சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தேன். முதல் விதி அப்போதும் மீறப்படவில்லை. பக்கப் பலகையைக் கழற்றி வட்டை உருவினேன். அது வெதுவெதுப்பாக இருந்தது. கையில் வைத்துக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்தேன். "என்னங்க, பூனைக்குட்டி பிடிச்ச மாதிரி பிடிச்சிருக்கீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

கடைக்குப் போய்ப் புது வட்டு வாங்கினேன். கடைக்காரர், "பழசைக் குடுங்க சார், காப்பி எடுத்துத் தரேன்" என்றார். கொடுக்கவில்லை. அவருக்கு அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது, தெரியாதவர்கள் கை அழுத்தமாக இருக்காது. புது வட்டில் அட்டவணையும் புதிது, முறையும் புதிது. முதல் முயற்சியிலேயே நிறுவல் முடிந்தது. பென்டிரைவை யாரும் சொல்லாமல் நானே பிடுங்கினேன். கணினி இப்போது காற்றாகப் பறக்கிறது. பறந்து போய்ப் பார்க்கத்தான் அதில் ஒன்றுமில்லை.

பழைய வட்டை இத்துடன் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். முதலில் பஞ்சு, அதன்மேல் என் இரண்டு பனியன்கள், அதன்மேல் தகர டப்பா, அதன்மேல் அட்டைப் பெட்டி. பனியன்கள் துவைத்தவை. திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

நான் தோற்றதாக நினைக்க வேண்டாம். சாட்சியை எதிர்த்தரப்பு வீட்டுக்கு அனுப்பியிருப்பது வழக்கை வாபஸ் வாங்கியதாக ஆகாது. நீங்கள் படத்தைப் பாருங்கள். பார்க்க வேண்டியதை முதலில் பாருங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். பிறகு ஒரு நாள், அவசரமில்லை, சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நடந்ததைப் பார்த்து யார் என்ன சொன்னார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதுவதை அப்படியே எடுத்துக்கொள்வேன். பொய் எழுதினால் எனக்குத் தெரியும், பேனா தாளைக் கிழிக்கும்.

அந்த அம்மா என்னிடம் நாற்காலி பற்றிச் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இன்னும் ஏதோ சொன்னார். எனக்கு அது கேட்கவில்லை. படத்தில் கேட்டால் அதையும் எழுதவும்.

இப்படிக்கு,
பையனின் அப்பா

---

ஜூலை 16

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

பெட்டி வந்தது. வட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உங்கள் பனியன்களில் ஒன்றில் தோளில் ஓட்டை இருக்கிறது. அதை வைத்து என் மானத்தை வாங்கப் பார்த்தீர்களா அல்லது உங்கள் மானம் போனது உங்களுக்கே தெரியவில்லையா என்று புரியவில்லை.

வட்டைப் பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் மாட்டி, படத்தை வேறு இரண்டு இடங்களுக்கு நகல் எடுத்துவிட்டேன். எதுவும் உறையவில்லை. நேற்று முழுக்க ஓட்டிப் பார்த்தேன். மூன்று மணி நேரம். பூக்கள் உதிர்கின்றன, பெயர்கள் வருகின்றன, அதன்பிறகு வாசல்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். நீங்கள் மண்டபத்துக்குள் வருகிறீர்கள். மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கிறீர்கள். திரும்பி உங்கள் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்கிறீர்கள். அவர் சிரிக்கிறார். என் ஆட்கள் சிரிக்கவில்லை. பிறகு சாப்பாட்டுக் கூடத்து வாசல். நான் என் தம்பியிடம் கையை நீட்டிப் பேசுகிறேன். கை உங்கள் பக்கம்தான் நீள்கிறது. நீங்கள் சட்டென்று திரும்பிப் பார்க்கிறீர்கள். நாம் இருவரும் பேசுகிறோம். ஒரே நேரத்தில் பேசுகிறோம் என்று வாயசைவிலிருந்து தெரிகிறது. உங்கள் கழுத்து நரம்புகூடத் தெரிகிறது, நல்ல கேமரா.

அப்போது அவள் வருகிறாள். நடுவில் நின்று முதலில் உங்களிடம் பேசுகிறாள், பிறகு என்னிடம். நீளமாகப் பேசுகிறாள். நீங்கள் தரையைப் பார்க்கிறீர்கள். நானும் பார்க்கிறேன். ஒரு நாற்காலி வருகிறது, நீங்கள் உட்காருகிறீர்கள். அவள் பேசிக்கொண்டே நடக்கிறாள். கேமராக்காரன் அவள் பின்னாலேயே போகிறான். சமையல் கட்டு, படிக்கட்டு, மணமகள் அறை, மறுபடி வாசல். வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பேசுகிறாள். கொஞ்சம்கூடக் குண்டாகத் தெரியவில்லை.

யார் என்ன சொன்னார்கள் என்று எழுத முடியவில்லை. ஸ்டூடியோக்காரர் படம் முழுக்கப் பேச்சை நீக்கிவிட்டு அந்த இடத்தில் பாட்டுப் போட்டிருக்கிறார். மொத்தம் நான்கு பாட்டுகள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருகின்றன.

பெண்ணின் அப்பா